யார் கை தூக்குவது

1

இந்த மாதத்தோடு வாப்பா மௌத்தாகி ஒரு வருஷம். இலங்கையில், எங்கள் மாத்தளையில், தம்பி நிஸாம் குர்ஆன் கத்தம் ஓதி நாலு பேருக்குச் சாப்பாடு கொடுத்திருப்பான். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், காலுறை ஆலைகள் நிறைந்த இந்த ஊரில், நானும் நெய்ச்சோறு ஆக்கி, அக்கம்பக்கத்து வீடுகள் மூன்றுக்குக் கொடுத்துவிட்டு, மகள் பர்வீனைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் தலைமை ஆசிரியை எனக்காகக் காத்து நின்றார். தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இந்த நாட்டில் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தால் ஏதோ பெரிய காரியம் இருக்கிறது என்று இந்தப் பத்து வருஷத்தில் கற்றிருக்கிறேன்.

"வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்காக ஒரு மொழி நிலையம் தொடங்குகிறார்கள். ஊரின் அந்தப் பக்கத்தில். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பிள்ளைகளைத் தினமும் பஸ்ஸில் அங்கே அனுப்புவோம். ஆங்கிலம் நன்றாக வந்தபிறகு இங்கே திரும்பலாம்" என்றார்.

"என் மகளுமா?"

"இல்லை, இல்லை. நிபுணர்கள் எல்லாரையும் சோதித்துப் பார்த்தார்கள். பர்வீனின் ஆங்கிலம் அருமை. அவள் இங்கேயே இருப்பாள்."

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னால்தான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். திட்டத்தைப் பற்றிக் கையுயர்த்தச் சொல்லிக் கருத்துக் கேட்பார்கள். "நீங்களும் உங்கள் நாட்டில் ஆசிரியராக இருந்தவர். ஆதரித்து இரண்டு வார்த்தை பேசினால் மற்ற ஆசியப் பெற்றோருக்கு நம்பிக்கை வரும்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பர்வீன் ஓடி வந்து, "உம்மா, நான் பசி" என்றாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான். இரண்டு சொல்லைச் சேர்த்து வைப்பாள். மீதியை ஆங்கிலத்தில் ஓட்டுவாள். அவளுடைய ஆங்கிலம் அருமை என்று சற்றுமுன் கேட்ட பாராட்டின் மறுபக்கம் இதுதான்.

வெளிவாசல் படலையடியில் குர்மீத் நின்றாள். பஞ்சாபிக்காரி. இலங்கையில் நான் வாங்கிய ஆசிரியர் சான்றிதழை இங்கே ஒரு கந்தோரிலும் ஏற்கவில்லை என்பதால் ஆலையில் காலுறை சோடி சேர்க்கிற வேலைக்குப் போகிறேன். அங்கே பக்கத்து மேசை அவளுடையது. அவளுடைய மகள் ஜஸ்பீரும் பர்வீனும் ஒரே வகுப்பு.

"என் ஜஸ்பீரை பஸ்ஸில் அனுப்பப் போகிறார்களாம். உன் மகள்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து நடக்கவில்லை. அவள் தெருவின் மறுபக்கத்தில் போனாள்.

2

ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரிந்திருக்கும். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகிற பாதையில், கொக்கோ மரங்களுக்கு நடுவே, ஓடு போட்ட நீளமான கட்டடம். எங்கள் முஸ்லிம் ஆட்கள் நிலம் கொடுத்து, மரம் கொடுத்துக் கட்டியது. பிறகு அரசாங்கம் பொறுப்பெடுத்தது. தமிழில் படிப்பிக்கிற இடம் என்பதால் மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேலே படிக்க ஆசைப்பட்டால் எங்களிடம்தான் இறங்கி வர வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே விஞ்ஞானமும் கணக்கும் படிப்பித்தேன். என் வாப்பா மாத்தளைக் கடைவீதியில் மிளகு, கொக்கோ, பாக்கு வாங்கி விற்கிற வியாபாரி. பல்லேபொலப் பக்கத்து மிளகுத் தோட்டக்காரர்கள் எல்லாரோடும் சிங்களத்திலேதான் அவருக்குப் பேச்சு. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

அந்த வருஷம் சங்கத்தில் ஒரு கோரிக்கை எழுந்தது: ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடத்தைச் சிங்கள மொழிக்கு மாற்ற வேண்டும். அப்போது நாட்டில் ஒரு வினோதமான விதி இருந்தது. சிங்களப் பிள்ளை சிங்களத்திலும் தமிழ்ப் பிள்ளை தமிழிலும் படித்தே ஆக வேண்டும். முஸ்லிம்களுக்கு மட்டும் எந்த மொழி என்று தெரிவுசெய்ய இடமிருந்தது. அரசாங்க வேலை முழுவதும் சிங்களமாகிவிட்ட காலம். தபால் கந்தோரில் ஒரு முத்திரை வாங்கப் போனாலும் அது தெரிந்தது. எங்கள் ஆட்கள் அந்தத் தெரிவைப் பயன்படுத்தப் பார்த்தார்கள்.

வாப்பா அந்தக் கோரிக்கையின் முன்னால் நின்றார். நான் எதிர்த்தேன். சாப்பாட்டு மேசையில் தொடங்கிய வாதம் அது.

"புள்ளைகள் வீட்டில பேசுறது தமிழ். விளங்காத பாஷையில விஞ்ஞானம் படிச்சா மனப்பாடம்தான் பண்ணும். ஆராய்ச்சி பண்ணினவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க, வாப்பா."

"ஆராய்ச்சி பண்ணினவங்க என்ட மகனுக்கு வேலை தருவாங்களா?"

"தோட்டத்துப் புள்ளைகள் என்ன செய்யும்? அதுகளுக்குத் தமிழ் வகுப்பு இல்லாமப் போயிடுமே."

வாப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அது எனக்கும் வருத்தம்தான். ஆனா நான் யாருக்குத் தலைவர்? வாக்களிச்ச ஆக்களுக்குத்தானே?"

நிஸாம் என்னைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான், தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போக இருந்தவன் அவன்தான்.

3

இதை எழுதும்போது இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வருஷம், கதவைத் தட்டி ஒருவர் வந்தார். வீட்டில் வாக்காளர் எத்தனை பேர் என்று கேட்டார். நாங்கள் இந்த நாட்டவர் இல்லையே என்றேன். "நீங்கள் காமன்வெல்த் பிரஜைதானே, அம்மா? உங்களுக்கு வாக்கு உண்டு" என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டார். குளிர்கோட்டுப் போடத் தெரியாத, ரொட்டிக் கடையில் 'பன்'னுக்கு இந்த ஊரில் என்ன பெயர் சொல்வது என்று தெரியாத எனக்கு, வந்த வருஷமே வாக்கு.

இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, தோட்டத்திலேயே தகப்பனைப் புதைத்து, தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த சனங்களுக்கு அந்த நாளில் வாக்கு இல்லை. பிரஜாவுரிமையைச் சுதந்திரம் கிடைத்த கையோடு பறித்துவிட்டார்கள். இதை இங்கே வெள்ளைக்காரர்களிடம் சொன்னால் நான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

சிங்கள மொழிக் கோரிக்கையை முடிவுசெய்யக் கூடிய பெற்றோர் கூட்டத்தில் வெடித்ததும் இதே கேள்விதான்.

4

கூட்டத்தை முதலில் ஒரு வேலைநாளில் காலையில் வைத்திருந்தார்கள். அந்த நேரம் தோட்டத்துப் பெற்றோர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் பயந்த சுபாவம், ஆனால் நேர்மையானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒங்கட வாப்பாவே தலைவர். என்னைய நடுவில போட்டு இடிக்கிறீங்களே, டீச்சர்" என்றார். ஆனாலும் தோட்டத்தில் வேலையில்லாத நாளுக்கு மாற்றிவிட்டார்.

வந்தார்கள். பாக்கு நிறம் ஏறிய வேட்டியும், கழுவி மடித்த சேலையும், எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். கதிரைகள் இருந்தும் உட்காரவில்லை. முன்னே எங்கள் ஆட்கள். ஒரு பக்கம் எங்கள் பெண்கள். மேசையில் ஹெட்மாஸ்டர், வாப்பா, மாத்தளையிலிருந்து வந்த கல்வி அதிகாரி.

கூட்டம் தொடங்குமுன்னே துணிக்கடை வைத்திருந்த ஒருவர் எழுந்தார். "ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். கட்டினது நாங்க. நிலம் எங்கட. பின்னால நிக்கிறவங்களும் கை தூக்குவாங்களா? நாட்டு எலெக்ஷன்லயே இல்லாத வோட்டு, ஸ்கூல்ல மட்டும் எங்கேருந்து வந்திச்சு?"

மண்டபம் இரைந்தது. சிலர் கைதட்டினார்கள். பின்பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. வாப்பா மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

ஹெட்மாஸ்டர் எழுந்தார். "இது பெத்தவங்க கூட்டம். ஸ்கூல் இடாப்பில புள்ளைட பேர் இருந்தா, பெத்தவங்களுக்குக் கை இருக்கு. நான் அப்படித்தான் எண்ணுவேன். புடிக்காட்டி வேற ஹெட்மாஸ்டரைக் கேளுங்க."

துணிக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கல்வி அதிகாரி பேசினார். அழகான தமிழ். "தாய்மொழியில் கற்பதே சிறந்தது என்பது உலகெங்கும் உள்ள அறிஞர்களின் முடிவு" என்று தொடங்கினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "எனினும் தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர்கள் போதாது. சிங்களத்தில் தரலாம். ஆகவே நிர்வாக ரீதியில் பார்த்தால் மாற்றம் விரும்பத்தக்கது." அறிஞர்களைக் கதவு வரை கூட்டிவந்து, உள்ளே விடாமல் அனுப்பிவிட்டார்.

நான் எழுந்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், புரிந்தால்தான் கேள்வி வரும் என்று சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

வாப்பா பதில் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "டீச்சர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா டீச்சர் படிச்சது தமிழ்ல இல்ல. இங்கிலீஷ்ல. அந்த நாள்ல எங்களுக்கு அதுக்கு இடமிருந்திச்சு, நான்தான் கான்வென்ட்டில சேர்த்தேன். வீட்டில ஒரு சொல் இங்கிலீஷ் இல்ல. அப்பவும் பெரிய படிப்புப் படிச்ச ஒருத்தர் வந்து, வேணாம், புள்ளைக்கு விளங்காதுன்னு சொன்னார். அவர்ட பேச்சைக் கேட்டிருந்தா இண்டைக்கு எங்களுக்குப் பாடம் சொல்ல இந்த டீச்சர் இருக்க மாட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை.

கை எண்ணினார்கள். சிங்கள மொழிக்கே பெரும்பான்மை. பின்பக்கத்துக் கைகள் எல்லாம் எதிராக உயர்ந்தும் போதவில்லை.

அப்போது ஹெட்மாஸ்டர் அதிகாரியிடம், "தமிழ் வகுப்பும் ஒரு பக்கம் நடத்தலாமா?" என்று கேட்டார். பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால் நடத்தலாம், குறைந்தால் வகுப்பு இல்லை என்றார் அதிகாரி. தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். மூன்று பேர் குறைகிறது. எங்கள் ஆட்களில் யாராவது தங்கள் பிள்ளையைத் தமிழில் விட விரும்பினால் கை தூக்கலாம் என்றார் ஹெட்மாஸ்டர்.

தையற்காரர் ஒருவர் தூக்கினார். பிறகு, கணவனை இழந்த ஒரு பெண் பெண்கள் பக்கத்திலிருந்து தூக்கினாள். அவ்வளவுதான். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் பக்கத்து ஆளின் கையைப் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர் நல்லாப் பேசினா. டீச்சர்ட தம்பியும் ஆறாம் வகுப்புத்தானே? தமிழ் வகுப்பில போடுவாவாமா?"

"போடுவேன்" என்றேன்.

"போடுறதுக்கு அவன் ஒன்ட புள்ள இல்ல" என்றார் வாப்பா. முதன்முறையாக என்னைப் பார்த்தார். "என்ட புள்ள. அடுத்தவங்கட புள்ளைய வச்சு நியாயம் பேசுறது லேசு."

என் முகம் சுட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து மாரிமுத்து முன்னே வந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய மகள் செல்வராணி என் வகுப்புக்கு வர ஆசைப்பட்டுக் காத்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க கேக்குற பாஷைய நாங்க வேணாம்னு சொல்ல வரலைங்க. எங்களுக்கு வகுப்பு இருந்தாப் போதும். தமிழ்ல இல்லேன்னா, எங்க புள்ளைங்களையும் சிங்கள வகுப்புலயே சேத்துக்கங்க. அதுங்க படிச்சுக்கும்."

ஒருவரும் எதிர்பார்க்காத பேச்சு. எங்கள் ஆட்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "அதற்குச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்ப் பிள்ளை தாய்மொழியில்தான் கற்க வேண்டும்."

"சரிங்க. அப்ப தாய்மொழி வகுப்பு எங்கங்க?"

"ஒரு பிள்ளை குறைகிறதே. வகுப்பு இல்லை."

"சிங்களத்துல சேத்துக்க முடியாது?"

"முடியாது."

"தமிழ்ல வகுப்பு இல்ல?"

அதிகாரி முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"அப்ப எங்க புள்ளைங்க மலைக்குத்தான் போகணுங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டார். அந்தக் கேள்வி மண்டபத்தின் நடுவில் நின்றது. துணிக்கடைக்காரர்கூடக் குனிந்துகொண்டார்.

வாப்பா அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சேர், இது என்ன சட்டம்? எங்களுக்கு ரெண்டு கதவு. இவங்களுக்கு ஒண்டும் இல்லையா?"

"நான் சட்டத்தை எழுதவில்லை."

"தெரியும்" என்றார் வாப்பா. கொஞ்ச நேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், "என்ட மகன்ட பேரைத் தமிழ் வகுப்பில எழுதுங்க" என்றார்.

கை தூக்கவில்லை, சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து, கூட்டம் முடியுமுன்னே வெளியேறிவிட்டார். வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. நான் வென்றதுபோல இருக்க வேண்டியவள். ஆனால் அன்று அந்த வீட்டில் வென்றவர் ஒருவரும் இல்லை.

5

வகுப்பு நடந்தது. நான் கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வரும்வரை அந்தப் பதினைந்து பேருக்கும் படிப்பித்தேன். பிறகு ஹெட்மாஸ்டர் தானே விஞ்ஞானம் எடுத்து, நல்ல பிள்ளைகளை மாத்தளைக்கு மேல்வகுப்புக்கு அனுப்பும்வரை இழுத்து வந்தார். செல்வராணிக்குக் கணக்கில் நிஸாமைவிடக் கெட்டித்தனம் என்று அவர் எனக்கு எழுதியிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நிஸாம் பல்கலைக்கழகத்துக்கான பரீட்சை எழுதினான். டாக்டராக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. நன்றாகத்தான் எழுதினான். ஆனால் அந்த நேரத்தில்தான் அரசாங்கம் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. தமிழில் எழுதியவர்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவர்களுக்குக் குறைந்த புள்ளி போதும். சில புள்ளிகளால் அவனுக்கு மருத்துவப் பீடம் கிடைக்கவில்லை. சிங்களத்தில் எழுதி அதே புள்ளி எடுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் அதிகாரி இதைச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் இருக்கிற விதிகளை வைத்துக்கொண்டு வாதாடினோம். பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்ச் சேருமுன் விதி மாறிவிட்டது.

மறுவருஷம் தோட்டத்துத் தமிழரைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி மாரிமுத்துவின் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. போக விருப்பமா என்று கேட்டு எழுதி வாங்கினார்களாம். என்ன விருப்பம்? செல்வராணி பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தியடைந்த சான்றிதழைச் சேலைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினாள் என்று கேள்விப்பட்டேன்.

6

வாப்பாவின் மௌத்துக்குப் போன வருஷம் ஊருக்குப் போனேன். நாற்பதாம் நாள் வரை நின்றேன். நிஸாம் இப்போது வாப்பாவின் கடையைப் பார்க்கிறான். பல்லேபொலையிலிருந்து மிளகு வந்து இறங்கிய ஒரு நாள், சாக்குகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தோம். செல்வராணி நீலகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்று சொன்னான். பெருநாளுக்கு அவளிடமிருந்து வாழ்த்து வருமாம்.

"அவளுக்காவது நல்லா வந்திச்சே" என்றேன்.

"வந்திச்சு. அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, தாத்தா." எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது வழக்கம். "ஒங்க ரெண்டு பேர் மேலயும்தான் கோவம்."

நான் பக்கத்துச் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினேன்.

"நீங்க போடுவேன்டீங்க. வாப்பா முதல்ல போட மாட்டேன்டாரு, பிறகு போட்டாரு. நான் அண்டைக்கு மண்டபத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நிண்டேன். ஒருத்தரும் என்னைக் கேக்கல. இந்த உலகத்துல நியாயம் எல்லாத்தையும் என்ட தலையில ஏத்தி வச்சீங்க."

"வாப்பாகிட்ட இதைச் சொன்னியா?"

"பரீட்சை முடிவு வந்த அண்டைக்குக் கேட்டேன். ஏன் வாப்பா என்னைக் கேக்கலன்னு."

"என்ன சொன்னார்?"

நிஸாம் ஒரு பிடி மிளகை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "'கேட்டிருந்தா நீ மாட்டேன்டிருப்ப. அதான் கேக்கல'ன்னார்."

"பிறகு?"

"பிறகு என்ன, அழுதார். நான்தான் கடையைப் பூட்டினேன்."

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். நிஸாம் சிங்களத்தில் அவரை வரவேற்று விலை பேசப் போய்விட்டான். அவனுடைய சிங்களம் வாப்பாவின் சிங்களத்தைவிட நன்றாக இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் அல்ல, கடையில் கற்றிருக்கிறான்.

7

இந்தக் கதையெல்லாம் நெஞ்சில் கிடக்க, கூட்டத்துக்கு முந்தின நாள் பர்வீனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மொழி நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். "ஜஸ்பீர் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. நீயும் சேர்ந்து போவாயா?" என்று கேட்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை. கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். "எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. நான் ஏன் போக வேண்டும்?"

வாப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. கேட்டால் இப்படித்தான் பதில் வரும். கேட்டுவிட்டால் அந்தப் பதிலை ஒதுக்க முடியாது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமும் மதிப்பும் ஒரே நேரத்தில் கூடின. ஆனாலும் நான் கேட்டாகிவிட்டது. "சரி, நீ போக வேண்டாம்" என்றேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெற்றோர். பின்வரிசையில் குர்மீத்தும், பஞ்சாபி, குஜராத்திப் பெற்றோர் சிலரும். கதிரைகள் இருந்தன, உட்கார்ந்தும் இருந்தார்கள், ஆனால் கோட்டுகளைக் கழற்றவில்லை. மேடையில் தலைமை ஆசிரியை, நகரசபையிலிருந்து ஒரு தலைவர், சோதனை வைத்த நிபுணர். நிபுணர் நல்ல மனுஷி. மொழி தெரியாத பிள்ளை வகுப்பில் ஊமையாக இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று உருக்கமாகப் பேசினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தேன்.

"மொழி படிப்பிப்பது தேவை. அந்த ஆசிரியர்களை இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளை ஏன் வெளியே கொண்டுபோகிறீர்கள்? வகுப்புத் தோழர்களிடமிருந்து பிரித்துவிட்டு யாரிடம் ஆங்கிலம் பேசச் சொல்கிறீர்கள்?"

தலைமை ஆசிரியையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். கடும் முகம் இல்லை, குழம்பிய முகம். "மன்னியுங்கள். உங்கள் மகள் போகவில்லைதானே? பாதிக்கப்படாத நீங்கள் ஏன் எதிர்க்கிறீர்கள்?"

முகம் சுட்டது, இரத்தோட்டைப் பாதையில் அந்த மண்டபத்தில் சுட்டதுபோலவே. ஆனால் இந்தமுறை நான் உட்காரவில்லை.

"என் மகளைக் கேட்டேன். போக மாட்டேன் என்றாள். அதனால் அவளை அனுப்பப் போவதில்லை. உங்கள் பிள்ளையும் போகவில்லை. நீங்களும் பாதிக்கப்படாதவர்தான். பாதிக்கப்படாதவர்கள் கை தூக்கக் கூடாது என்றால் இந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்."

யாரோ கோபமாக ஏதோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் குர்மீத் நான் சொன்னதைப் பஞ்சாபியில் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சலசலப்பு அடங்க நேரமானது.

நகரசபைத் தலைவர் நிபுணரோடு குசுகுசுத்தார். பிறகு, "இரண்டு தடவை எண்ணுவோம். முதலில் எல்லாப் பெற்றோரும். பிறகு, போகவேண்டிய பிள்ளைகளின் பெற்றோர் மட்டும்" என்றார்.

முதல் எண்ணிக்கையில் திட்டம் எளிதாக வென்றது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. இரண்டாவது எண்ணிக்கையில் ஆதரித்து ஒரு கையும் உயரவில்லை. எதிர்ப்பைக் கேட்டபோது பின்வரிசை முழுவதும் கை தூக்கியது. குர்மீத் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு, வெட்கப்பட்டு ஒன்றை இறக்கினாள். முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பி, அந்தக் கைகளை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இரண்டையும் நகரசபைக்கு அறிவிப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. பெரும்பான்மை பெரும்பான்மைதான், நிபுணர் நிபுணர்தான். தலைமை ஆசிரியை இப்போது வாசலில் என்னைக் கண்டால் குட்மோர்னிங் மட்டும் சொல்கிறார்.

குர்மீத்தும் நானும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பர்வீன் தூங்காமல் படிக்கட்டில் காத்திருந்தாள்.

"யார் வென்றது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இன்னும் தெரியாது. ரெண்டு தடவை எண்ணினாங்க" என்று தமிழில் சொல்லி, எப்படி எண்ணினார்கள் என்று விளக்கினேன்.

"நீங்கள் ரெண்டு தடவையும் கை தூக்கினீங்களா?" தமிழிலேயே கேட்டாள். ஒரு முழு வாக்கியம்.

"முதல் தடவை தூக்கினேன். ரெண்டாம் தடவை தூக்கல."

"ஏன்?"

"அது அவங்கட முறை" என்றேன்.